சுவரும் நிலாவும் ஏன் சிரிக்க வைக்கவில்லை

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மொரிஷியஸில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லித்தருகிறீர்கள். பள்ளித் தமிழ் விழாவுக்காக ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்திலிருந்து, தொழிலாளிகள் சேர்ந்து அரசன் முன் போடும் பிரமஸ்–திஸ்பி நாடகத்தை மட்டும் எடுத்து, அரை மணி நேரத்துக்குத் தமிழில் ஆக்கியிருக்கிறீர்கள். பிள்ளைகள் முடிந்தவரை கோணங்கித்தனம் பண்ணுகிறார்கள். ஒத்திகை பார்த்த சக ஆசிரியர்கள் யாரும் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பில் கோளாறா, இல்லை நாடகத்துக்குள் நாடகம் என்பதே நமக்கு ஒட்டாத வெள்ளைக்காரச் சரக்கா என்று கேட்கிறீர்கள். இரண்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்தக் காட்சியில் சிரிப்பு யாரிடமிருந்து கிளம்புகிறது? மோசமாக நடிப்பவர்களிடமிருந்து என்று வைத்துக்கொண்டு ஒத்திகை நடத்தியிருக்கிறீர்கள். அங்கேதான் இடறுகிறது.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி ஒரு பேய்க்கதையைச் சத்தத்தோடும் சைகையோடும் சொல்கிறார். கதையில் சரக்கே இல்லை. நாகேஷ் அதை வேடிக்கையாகவும் சொல்வதில்லை, உயிரைக் கொடுத்துச் சொல்கிறார். நாம் பார்ப்பதோ பாலையாவின் முகத்தை. அந்த முகம் பயத்தில் சுருங்கச் சுருங்க நமக்குச் சிரிப்பு பொங்குகிறது. பாலையா ஒரு தடவை சிரித்திருந்தால் காட்சி அங்கேயே படுத்திருக்கும். உள்ளே ஒருவன் மெய்யாகவே முயல்கிறான், இன்னொருவன் அதைப் பார்க்கிறான், இருவரையும் சேர்த்து நாம் பார்க்கிறோம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிரிப்பு வராது. உங்கள் மேடையில் முதலாவது ஆள் முயல்வதை விட்டுவிட்டான், இரண்டாவது ஆள் யார் என்றே தெரியவில்லை.

ஷேக்ஸ்பியரின் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். தச்சர் குவின்ஸ், நெசவாளி பாட்டம், துருத்தி பழுதுபார்க்கும் ஃப்ளூட், பாத்திரம் அடைக்கும் ஸ்நவுட், மரவேலைக்கார ஸ்நக், தையல்காரர் ஸ்டார்வ்லிங் என்று ஆறு பேர். பாட்டம் பிரமஸ், ஃப்ளூட் திஸ்பி, ஸ்நவுட் சுவர், ஸ்டார்வ்லிங் நிலா, ஸ்நக் சிங்கம், குவின்ஸ் முன்னுரைகாரன்; சுவரும் நிலாவும்கூட ஆள்கள்தான். ஆறு பேருக்கும் தாங்கள் போடுவது பெரிய சோக நாடகம் என்பதில் சந்தேகமே இல்லை. எதிரே அரசன் தீசியஸ், அவன் மணந்த ஹிப்பொலிட்டா, புதிதாக மணம் முடித்த இரண்டு ஜோடிகள். பிரமஸ்–திஸ்பி கதை ரோமக் கவிஞர் ஒவிட்டின் 'உருமாற்றங்கள்' நூலின் நான்காம் புத்தகத்தில் இருப்பது. பெற்றோர் தடுத்த காதலர்கள் சுவர்ப் பிளவு வழியே பேசிவைத்து இரவில் ஊருக்கு வெளியே சந்திக்கப் போய், சிங்கம் கறைப்படுத்திய திஸ்பியின் துணியால் வந்த ஒரு தவறான புரிதலால் இருவரும் சாகிறார்கள். இதைப் பார்த்துக் கிண்டலடிக்கும் அந்த இளம் ஜோடிகள் முந்தைய இரவு என்ன செய்தார்கள்? அப்பன் சொன்ன கல்யாணத்துக்குப் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஒரு நூல் அறுந்திருந்தால் அவர்கள் கதையும் பிரமஸ் கதைதான். மேடையில் ஓடுவது தங்கள் கதை என்று அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பார்ப்பவன் உள்நாடகத்தில் தன்னைக் கண்டுகொண்டால் காட்சி சோகமாகிறது, கண்டுகொள்ளாவிட்டால் நகைச்சுவையாகிறது. வடமொழி நாடகாசிரியர் பவபூதியின் 'உத்தரராமசரிதம்' ஏழாம் அங்கத்தில், வால்மீகி எழுதிய நாடகத்தை அப்சரஸ்கள் நடிக்க, ராமன் உட்கார்ந்து பார்க்கிறான். மேடையில் சீதை படும் பாட்டைக் கண்டு அது நாடகம் என்பதையே மறந்து மயங்கி விழுகிறான். ஹாம்லெட் போடவைத்த நாடகத்தில், தான் செய்த கொலையைப் பார்த்ததும் அவன் சித்தப்பன் கிளாடியஸ் எழுந்துபோகிறான். உத்தி இரண்டிலும் ஒன்றுதான், கண்ணாடியும் அதேதான். நகைச்சுவையில் மட்டும் கண்ணாடிக்கு முன் நிற்பவன் 'யாரிந்த முட்டாள்' என்று கேட்கிறான்.

பவபூதி பெயர் வந்ததால் 'வெள்ளைக்காரச் சரக்கா' என்பதையும் முடித்துவிடலாம். வடமொழி நாடக இலக்கணத்தில் இதற்குக் கர்ப்பாங்கம் என்று தனிப்பெயரே உண்டு, அங்கத்தின் வயிற்றுக்குள் இருக்கும் அங்கம் என்ற பொருளில். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் எழுதிய 'பிரியதர்சிகா' மூன்றாம் அங்கம் முழுக்க நகைச்சுவைக்கான கர்ப்பாங்கம். அரசன் உதயணன் தன் அரசி வாசவதத்தையைக் காதலித்த பழைய கதையை அந்தப்புரத்தில் நாடகமாகப் போடுகிறார்கள். பார்வையாளர் வாசவதத்தையே. மேடையில் வாசவதத்தையாக நடிப்பவள் அரசன் கண்வைத்திருக்கும் பணிப்பெண் ஆரண்யகை. உதயணன் வேடம் ஒரு தோழிக்கு. கடைசி நேரத்தில் தோழியை விலக்கிவிட்டு அரசனே தன் வேடத்தில் ஏறிவிடுகிறான். அதாவது அரசன், அரசனாக நடிக்கும் பெண்ணாக நடிக்கிறான், தன் மனைவி கண்ணெதிரிலேயே. நடிப்பு கொஞ்சம் மிஞ்சிப்போகிறதே என்று அரசிக்கு நெருடுகிறது. எழுந்து வெளியே போனால் அங்கே அரசனின் தோழனான விதூஷகன் தூங்கிக்கொண்டிருக்கிறான். தட்டி எழுப்பியதும் தூக்கக் கலக்கத்தில் குட்டை உடைத்துவிடுகிறான். ஷேக்ஸ்பியருக்கு ஏறத்தாழ 950 ஆண்டு முந்தியது இது. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலை. வேஷம் கட்டி வந்த ராஜாவிடம் 'நீ யாருப்பா' என்று கேட்பான், சபையைப் பார்த்துப் பேசுவான், அடுத்த நிமிடம் சேவகனாகிவிடுவான். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நிற்கும் ஆள் அவன். இதை முழுமையான 'நாடகத்துக்குள் நாடகம்' என்று சொல்ல முடியாது, ஆனால் பார்க்கப் பழகிய கண் நமக்கு உண்டு என்பதற்கு இது போதும். பக்கத்துத் தீவான ரியூனியனில் 'பால் தமூல்' என்று இரவு முழுக்க நடக்கும் ஆட்டமும் இந்தக் கூத்தின் கிளைதான்.

நிகழ்ச்சிக் குறிப்பில் வரலாறு எழுதப்போகிறீர்கள் என்றால் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். முதல் அச்சு 1600இல் வந்தது உறுதி. எழுதியது 1595, 1596 வாக்கில் என்பது பெரும்பாலோர் ஏற்ற கணிப்பு. ஒரு பிரபு வீட்டுக் கல்யாணத்துக்காக எழுதப்பட்டது என்று பல பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை. 'ரோமியோ ஜூலியட்' முந்தியதா இது முந்தியதா என்பதும் தீரவில்லை, ஆகவே 'தன் சோக நாடகத்தைத் தானே கிண்டல் செய்தார்' என்று அடித்துச் சொல்லாதீர்கள். பெண்கள் பயந்துவிடுவார்கள் என்று சிங்கத்தைப் பற்றித் தொழிலாளிகள் கவலைப்படும் இடத்துக்கு ஒரு மூலம் சொல்வார்கள்: 1594இல் ஸ்காட்லாந்து இளவரசரின் ஞானஸ்நான விருந்தில் தேரைச் சிங்கம் இழுத்துவருவதாக இருந்து, கூட்டம் மிரளும் என்று ஓர் ஆளை இழுக்க வைத்தார்கள். நிகழ்ச்சி நடந்தது பதிவில் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் அதை மனத்தில் வைத்து எழுதினார் என்பது ஊகம், நல்ல ஊகம், அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். முதல் நான்கு ஒத்திகைகளுக்குக் கோணங்கித்தனம் எதுவும் வேண்டாம். பிரமஸ்–திஸ்பியை அழவைக்கும் சோக நாடகமாகவே நடத்துங்கள், சுவருக்கும் நிலாவுக்கும் கூட. பிள்ளைகள் உண்மையாக நம்பி நடிக்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு குறையைக் கொடுங்கள். அந்தக் குறை நல்ல எண்ணத்திலிருந்து பிறக்க வேண்டும். குவின்ஸுக்குப் பயம், ஆகவே நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் படிக்கிறான். சிங்கத்துக்கு மரியாதை அதிகம், கர்ஜிக்கும் முன் தன் பெயரையும் தொழிலையும் சொல்லிக்கொள்கிறது. சுவருக்கு விளக்கம் துல்லியமாக இருக்க வேண்டும். பாட்டத்துக்கு ஆர்வக்கோளாறு. ஓர் ஆளுக்கு இரண்டு குறை கொடுத்தால் இரண்டும் தெரியாமல் போகும். எல்லாருக்கும் தடுக்கி விழும் குறையைக் கொடுத்தால் மூன்றாவது ஆள் விழும்போது சபை செல்போனை எடுத்துவிடும்.

குவின்ஸின் முன்னுரையை மொழிபெயர்க்கும்போது பொருளைப் பெயர்க்காதீர்கள், நிறுத்தத்தைப் பெயருங்கள். மூலத்தில் நிறுத்தற்குறி இடம் மாறியதால் வாழ்த்து வசையாகிறது. தமிழில் இதற்கு வாய்ப்பு அதிகம். எழுதிக்கொண்டு வந்தது இது: 'மகிழ்விக்க வந்தோம், இல்லை ஐயா, மனம் நோகச் செய்யும் எண்ணம்.' அவன் படிப்பது: 'மகிழ்விக்க வந்தோம் இல்லை ஐயா. மனம் நோகச் செய்யும் எண்ணம்.' இப்படி மூன்று வரி போதும், நான்காவதுக்குச் சபை முந்திக்கொள்ளும். கையில் உண்மையான தாள் இருக்கட்டும், மனப்பாடமாகச் சொன்னால் தவறு எங்கே நேர்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று: ழகர ளகர உச்சரிப்புப் பிழையை வைத்துச் சிரிப்பு கட்டாதீர்கள். சபையில் பாதிப் பேர் வீட்டில் கிரியோல் பேசி வகுப்பில் தமிழ் படித்தவர்கள். அந்த நகைச்சுவை ஒன்று புரியாது, அல்லது அவர்களையே குத்தும்.

ஐந்தாம் அங்கத்தை மட்டும் எடுத்ததில் ஒரு பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது. விதை முன்னால் விழுந்தால்தான் இங்கே முளைக்கும். மூலத்தில் காட்டுக்குள் நடக்கும் ஒத்திகைக் காட்சியில் ஃப்ளூட் 'நைனஸ் சமாதி' என்பதற்கு முட்டாளின் சமாதி என்று ஒலிக்கும்படி சொல்கிறான், குவின்ஸ் தலையில் அடித்துக்கொண்டு திருத்துகிறான். பிறகு அரசன் முன்னால் அதே தவறு அப்படியே வருகிறது, பாட்டம் வாயிலும் திஸ்பி வாயிலும். சிரிப்பு சொல்லில் இல்லை, திருத்தியும் திருந்தாததில் இருக்கிறது. தமிழில் 'மன்னனார் சமாதி' என்று வைத்து 'மாமனார் சமாதி' என்று வழுக்கவிடலாம், சபையில் யாருக்கும் அகராதி தேவைப்படாது. அதே காட்சியில் ஃப்ளூட் தன் வசனம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவான். அக்காலத்தில் நடிகருக்கு முழுப் பிரதி தரமாட்டார்கள். அவர் வசனமும், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மற்றவர் விடும் கடைசி இரண்டு மூன்று சொற்களும் மட்டும் தாளில் இருக்கும். அந்தச் சொற்களையும் சேர்த்துப் படித்ததுதான் அவன் குற்றம். உங்கள் அரை மணியில் முதல் ஆறேழு நிமிடத்தை வேடம் பிரிப்பதற்கும் இந்த ஒத்திகைக்கும் ஒதுக்குங்கள். உள்நாடகம் மூலத்தில் சுமார் 250 வரி, அதில் பாதியைக் குறைத்தாலும் கெடாது.

சுவருக்கு வருகிறேன். தகரத்தில் செய்யலாம் என்று யோசித்திருக்கிறீர்கள், ஊரில் 'தோல்' எனப்படும் தகர வீடு பார்த்த எல்லாருக்கும் பிடிக்கும்தான். ஆனால் தகரம் ஒவ்வோர் அசைவுக்கும் கடகடவென்று சத்தம் போட்டு அடுத்த வசனத்தை விழுங்கும், விளிம்பு பிள்ளைகள் கையையும் கிழிக்கும். கோணிப்பையில் சுண்ணாம்பு பூசி, கரும்புத் தோட்டங்களில் குவிந்து கிடக்கும் கருங்கல் போல அட்டைத் துண்டுகளை ஒட்டுங்கள். மொத்த எடை இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம், அந்தப் பிள்ளை பத்து நிமிடம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிளவு என்பது அவன் விரல்கள்தான், அட்டையில் ஓட்டை போட்டால் நகைச்சுவை போய்விடும். சுவர் சபையைப் பார்த்து நிற்கட்டும், காதலர்கள் இரு பக்கமும் பக்கவாட்டில். விரல்களின் உயரம் இருவரில் குட்டையானவரின் வாய்க்கு நேராக இருந்தால் உயரமானவர் குனிந்தே காதலிக்க வேண்டிவரும். சுவரின் முகத்தில் எந்த உணர்ச்சியும் கூடாது. அவன் சுவர்.

நிலாவாக வரும் ஸ்டார்வ்லிங் மூலத்தில் விளக்கு, முள்செடி, நாய் மூன்றோடும் வருகிறான். பாட்டைத் தொடங்கும்போதெல்லாம் அரசவை குறுக்கிடுகிறது. கடைசியில் பாட்டை விட்டுவிட்டு, 'விளக்குதான் நிலா, நிலாவில் இருக்கும் ஆள் நான், முள்செடி என் முள்செடி, நாய் என் நாய்' என்று வசனமாகவே சொல்லி முடிக்கிறான். முள்செடியும் நாயும் நமக்கு எதையும் நினைவூட்டாது. நம் நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். ஆகவே கையில் விளக்கு, தலையில் முக்காடு, ஒரு தட்டு. 'இந்த விளக்கு நிலா. நான் நிலாவில் இருக்கும் பாட்டி. இந்த வடை என் வடை.' வடைக்குப் பதில் உங்கள் ஊர் மிளகாய் வடையின் பெயரான 'காத்தோ பிமா' என்று சொன்னால் பின்வரிசை வரைக்கும் சிரிப்பு போகும் என்று பந்தயம் கட்டுவேன். விளக்கு பேட்டரியில் எரிவதாக இருக்கட்டும், கோணிக்கும் முக்காட்டுக்கும் பக்கத்தில் சுடர் வேண்டாம்.

இந்தக் காட்சியின் உச்சம் என்று நான் நினைப்பது பாட்டம் வேடத்தை விட்டு வெளியே வந்து அரசனுக்குப் பதில் சொல்லும் இடம். பிளவு வழியாகத் திஸ்பியைக் காணாமல் அவன் சுவரைச் சபிக்கிறான். 'இந்தச் சுவருக்கு உணர்வு இருக்கிறதே, திரும்பச் சபிக்க வேண்டாமா' என்கிறான் அரசன். உங்கள் தமிழில் பாட்டம் இப்படிப் பேசலாம்: 'இல்லீங்க ஐயா, அது திட்டாது. நான் ஏமாத்திட்டியேன்னு சொன்னதும் அந்தப் பொண்ணு வரணும், அதுதான் கணக்கு. இப்பப் பாருங்க, நான் சொன்ன மாதிரியே வருவா.' வேடத்துக்குள் இருக்கும்போது செந்தமிழ், வெளியே வந்ததும் வீட்டுத் தமிழ், மறுபடி உள்ளே போகும்போது குரலும் கையும் ஒரே வினாடியில் செந்தமிழுக்கு ஏற வேண்டும். பதில் சொல்லும்போது அவனிடம் கிண்டல் இருக்கக் கூடாது. ஐயா புரியாமல் கேட்கிறார், உதவுகிறோம் என்ற அக்கறைதான் தெரிய வேண்டும்.

சாவுக்கு ஓர் அளவு வையுங்கள். பாட்டம் 'சாகிறேன்' என்பதை மூலத்தில் ஐந்து தடவை சொல்கிறான், நீங்களும் ஐந்தோடு நிறுத்துங்கள். முதல் தடவை மேடையேறியபோது சிரிப்பு கிடைத்த பையன் அடுத்த தடவை பதினைந்து தடவை சாவான், அதற்குள் திஸ்பிக்கு வைத்த சிரிப்பு செலவாகிவிடும். வாள் அவன் உடம்புக்கு அடியில் சிக்கிக்கொள்ள, திஸ்பி உறையை எடுத்துக் குத்திக்கொள்வது மிகப் பழைய வழக்கம். 1607இல் அச்சான வேறொரு நாடகத்தில், நாடகத்துத் திஸ்பி போல உறையால் தன்னைக் கொன்றுகொள்ளப் பார்த்தான் என்று ஒரு வரி வருகிறது. அது இந்த நாடகத்தைத்தான் குறிக்கிறது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதன் பிறகு ஃப்ளூட் பத்து வினாடி உண்மையாகவே அழட்டும். அதுவரை சிரித்த சபை சட்டென்று அடங்கினால் நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

இரண்டாவது ஆட்கள், அதாவது மேடையிலேயே உட்கார்ந்து பார்க்கும் அரசவை. அவர்களைச் சபைக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் வரைபடத்திலிருந்து தெரிகிறது. முகம் போனால் பாலையா போய்விட்டார். பின்சுவரோரம் உட்கார வைத்தால் முகம் தெரியும், ஆனால் தொழிலாளிகள் அரசனைப் பார்த்து நடிக்க வேண்டுமே, சபைக்கு அவர்கள் முதுகுதான். மேடையின் முன் மூலை இரண்டிலும் மூன்று மூன்று பேராகப் பிரித்துச் சாய்வாக உட்கார வையுங்கள், நடுவில் நான்கு மீட்டர் உள்நாடகத்துக்கு. தொழிலாளிகளை ஒரு சாண் உயரப் பலகையில் ஏற்றினால் மேடைக்குள் மேடை என்பது சொல்லாமலே விளங்கும். அரசவை மீது வெளிச்சம் பாதியாவது இருக்கட்டும். அவர்கள் சபைக்கு முந்திச் சிரிக்கக் கூடாது. மேடையில் சிரிப்பு வெடித்தால் கீழே இருப்பவர்களுக்கு வேலை இல்லை. அடக்கப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவர் காலை மிதிப்பது, கொட்டாவியை விழுங்குவது, இவைதான் அவர்கள் நடிப்பு. குறுக்கு வசனங்களைப் பத்துக்குள் நிறுத்துங்கள், ஒவ்வொன்றும் நடிகரின் வரி முடிந்து ஒரு மூச்சு விட்ட பிறகு விழட்டும். மூலத்தில் ஆண்கள் ஓயாமல் பேச, ஹெர்மியாவுக்கும் ஹெலனாவுக்கும் இந்த அங்கத்தில் ஒரு வரிகூட இல்லை. இதை நான் வரப்பிரசாதம் என்பேன். காட்டுக்குள் ஓடிப்போன இரண்டு பெண்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திஸ்பி அழும்போது அவர்களில் ஒருத்தி முகத்தில் மட்டும் சிரிப்பு நின்றுபோகட்டும். நீங்கள் வசனமே எழுத வேண்டாம்.

அரசவையின் கிண்டல் எவ்வளவு காரமாக இருக்கலாம் என்பதில் உங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு. மொரிஷியஸுக்குத் தமிழர் வந்தது 1834க்குப் பிந்திய ஒப்பந்தக் கூலிகளாக மட்டும் இல்லை. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் போர்ட் லூயியைக் கட்ட வந்தார்கள். அந்தப் பேரர்கள் நிறைந்த சபையில் தச்சரையும் நெசவாளியையும் சீமான்கள் எள்ளி நகையாடினால் சபை யார் பக்கம் சாயும் என்று யோசியுங்கள். ஷேக்ஸ்பியருக்கே இந்த ஆபத்து தெரியும். 'காதலின் வீண் முயற்சி' நாடகத்தில் ஊர்க்காரர்கள் போடும் ஒன்பது வீரர் காட்சியைப் பிரபுக்கள் கேலி செய்து குலைக்கிறார்கள். வாத்தியார் ஹோலோஃபெர்னஸ் 'இது பெருந்தன்மை இல்லை' என்ற பொருளில் ஒரே வரி சொல்லிவிட்டு இறங்குகிறார், கேலி செய்தவர்கள் சிறுத்துப்போகிறார்கள். சிறிது நேரத்தில் பிரெஞ்சு அரசர் இறந்த செய்தி வந்து கூத்தே நின்றுவிடுகிறது. உங்கள் தீசியஸுக்குக் கிண்டலை விடப் பொறுமை அதிகம் இருக்கட்டும். அரசவையைக் கரும்புத் தோட்ட முதலாளி வீட்டுக் கல்யாணமாக மாற்றலாமா என்று கேட்டீர்கள். ஆசைப்பட வைக்கும் யோசனைதான். ஆனால் முதல் ஐந்து நிமிடத்தில் சபைக்குக் கோபம் வந்துவிட்டால் பிறகு நிலாவுக்கும் வடைக்கும் யாரும் சிரிக்கமாட்டார்கள். நான் செய்யமாட்டேன்.

கிரியோல் கலப்பது பற்றி: அரசவை கிரியோலிலும் தொழிலாளிகள் தமிழிலும் பேசினால் எல்லாருக்கும் புரியும் என்கிறீர்கள். புரியும், ஆனால் சிரிப்பு தமிழின் மேல் விழும். தமிழ் விழாவில் அது வேண்டாம். தொழிலாளிகளே வேடத்துக்கு வெளியே கிரியோல் கலந்து பேசட்டும், அரசவை எளிய தமிழில். ஒரே ஓர் இடத்தில் சபையையும் இழுக்கலாம். குவின்ஸ் தாளைப் பிரிக்கும் முன் பதற்றத்தில் 'சிராந்தான்?' என்று கேட்கட்டும். ஊரில் விடுகதை கேட்டு வளர்ந்த எவரும் 'சாம்பெக்!' என்று தன்னை அறியாமல் சொல்லிவிடுவார்கள். சொன்ன கணமே அவர்களும் அரசவையில் உட்கார்ந்தாயிற்று. அதோடு சரி, அதற்குப் பிறகு முடியும்வரை ஒரு தொழிலாளியும் சபைப் பக்கம் திரும்பக் கூடாது. அவர்கள் நாடகம் அரசனுக்கு மட்டும்.

சபையைக் கூடுதலாக இழுக்க ஆசை வந்தால் ஃபிரான்சிஸ் போமோன்ட்டின் 'எரியும் உலக்கை வீரன்' கதியை நினைத்துக்கொள்ளுங்கள். 1607 வாக்கில் மேடையேறியது. பார்வையாளர் மத்தியிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரரும் மனைவியும் எழுந்து மேடையேறி, 'இந்த நாடகம் வேண்டாம், எங்கள் கடைப் பையனைக் கதாநாயகனாகப் போடு' என்று அடம்பிடிக்கிறார்கள். இன்று படித்தால் வயிறு வலிக்கும். அன்று படுதோல்வி, 1613இல் அச்சிட்டவரே அதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காரணம், சபைக்கு அதன் உட்கிண்டல் பிடிபடவில்லை என்பது. மாமாவும் சித்தியும் நாடகத்தின் நடுவே பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பள்ளி மண்டபத்தில், எழுந்து கத்துபவர் நடிகரா உறவினரா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டுக்குச் செய்வதானால் ஷெரிடனின் 'விமர்சகர்' (1779) போல ஒத்திகையையே நாடகமாக்கும் வகை உங்களுக்குப் பொருந்தும். அதில் பர்லி பிரபு வருகிறார், உட்கார்கிறார், தலையை ஆட்டுகிறார், போய்விடுகிறார். அந்த ஒரு தலையாட்டலுக்கு நாட்டின் நிலைமை, மக்களின் வீரம் என்று நீண்ட அர்த்தம் சொல்கிறார் நாடகாசிரியர் பஃப். வசனம் பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு அதைவிட நல்ல வேடம் கிடையாது.

கடைசியாக, பிரமஸ்–திஸ்பியைத் தமிழ்க் கதையாக மாற்றலாமா என்பது. மாற்றினால் நல்லது, ஏனென்றால் உள்நாடகம் எங்கே தடம் புரள்கிறது என்று தெரிய சபைக்கு அந்தக் கதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். திரௌபதி, மாரியம்மன் கதைகளைத் தொடாதீர்கள். தீமிதிக்கு விரதம் இருக்கும் குடும்பங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும். எனக்குத் தோன்றுவது அம்பிகாபதி–அமராவதி. அது வரலாறு ஆகாது, வழிவழியாக வந்த கதை. கம்பர் மகன் அம்பிகாபதி சிற்றின்பம் கலவாமல் நூறு பாட்டுப் பாடினால் சோழ இளவரசி அவனுக்கு, இல்லாவிட்டால் தலை போகும். திரைக்குப் பின்னால் எண்ணிக்கொண்டிருக்கும் அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டு, தொண்ணூற்றொன்பதிலேயே நூறு முடிந்ததென்று எட்டிப் பார்க்கிறாள். அவளைக் கண்டதும் அவன் காதலைப் பாடிவிடுகிறான். பிரமஸ் ரத்தக்கறை பட்ட துணியைப் பார்த்து அவசரப்பட்டதற்கு ஈடாக ஒரு கணக்குப் பிழை தயாராக இருக்கிறது. கூத்தில் வேஷம் நுழையும்போது இருவர் திரை பிடிப்பார்களே, அந்தத் திரையையே ஓர் ஆளாக்குங்கள். 'நான் திரை. எனக்கு அந்தப் பக்கம் அமராவதி இருக்கிறாள், அவளை நீங்கள் பார்க்கவில்லை' என்று அறிமுகம் செய்துகொள்ளும் திரை சுவரை விட நன்றாக வரும். நூறு பாட்டையும் பாட முடியாது, ஆகவே பாட்டம் 'இருபத்தேழு முதல் தொண்ணூற்றெட்டு வரை இதே போல' என்று சொல்லித் தாண்டட்டும்.

முடிவில் பாட்டம் பின்னுரை சொல்லட்டுமா என்று கேட்க, அரசன் வேண்டவே வேண்டாம் என்று மறுத்து ஆட்டம் கேட்கிறான். அந்த இடத்தில் ரவான் மேளம் அடித்து ஊர் நடனமான செகா ஆடிவிடும் ஆசை உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும். ஒரு நிமிடம் மட்டும் விடுங்கள், மண்டபம் எழுந்து ஆடத் தொடங்கினால் திருப்பி உட்கார வைக்க முடியாது. அரசன் கை உயர்த்தியதும் தாளம் நிற்க வேண்டும். பிறகு வணக்கம். தொழிலாளிகள் ஆறு பேரும் முதலில் அரசவையைப் பார்த்துக் கும்பிடட்டும். அரசவை எழுந்து போன பிறகு, மேடையில் தாங்கள் மட்டும் மிஞ்சியதும், மெதுவாகத் திரும்பி முதன்முறையாகச் சபையைப் பார்க்கட்டும், இவ்வளவு பேர் அங்கே இருந்தார்களா என்பதுபோல. சுவர் மட்டும் கையை இன்னும் இறக்காமல் நிற்கலாம்.